ஏழாவது ஆள்

1

எங்கள் பக்கத்தில் சடுகுடுவுக்கு என்று ஒரு பருவம் உண்டு. தை மாதம் சம்பா அறுத்துக் களம் ஏறி, வைக்கோல் போர் போட்ட பிறகு வயல் காய்ந்து வெடிப்பு விடும். அதற்குப் பிறகு ஆடி வரைக்கும் சேரி ஆட்களுக்குக் கையில் வேலையும் இல்லை, பையில் காசும் இல்லை. அந்த நாட்களில் தாள் கட்டையை மண்வெட்டியால் செதுக்கி, கட்டி உடைத்து, வாய்க்கால் மணலை அள்ளிக் கொட்டி, சாம்பலால் கோடு போட்டால் ஆடுகளம் தயார். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடைக்கு வந்து சேருகிற அன்றைக்கு எங்கள் சீசன் முடியும். ஆடிக்கொண்டிருந்த களத்தில் ஏர் ஓடும். ஆடிய கால்களே அந்தச் சேற்றை மிதிக்கும்.

1980களின் நடுவில், அப்படி ஒரு சீசன் முழுவதையும் நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எங்கள் தெரு டீமுக்கு அம்பேத்கர் பேர். நான் ஒல்லி, ஆட்டம் வராது. அதனால் கணக்கு என்னிடம் வந்தது. யாரோடு ஆடினோம், எத்தனைக்கு எத்தனை, யார் எத்தனை பாட்டு ஏறிப் போனான், யார் எத்தனை பேரைப் பிடித்தான், எவனுக்கு முட்டி பெயர்ந்தது, நுழைவுக் கட்டணம் யாரிடம் கடன் வாங்கினோம் எல்லாம் அதில் இருந்தது. அடுத்த மழையில் கூரை ஒழுகி நோட்டு கூழாகிவிட்டது. அந்த நோட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சுற்றி வளைத்துத்தான் அங்கே போகவேண்டியிருக்கிறது.

2

கொஞ்ச காலமாகத் தமிழ் சினிமா விளையாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2024இல் அரக்கோணத்துக் கிரிக்கெட்டை வைத்து ஜெயக்குமாரின் ‘ப்ளூ ஸ்டார்’ வந்தது. அதே ஆண்டு தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ வந்தது. 2025இல் மாரி செல்வராஜின் ‘பைசன்’. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995இல் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையை அடியொற்றிய படம். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் பையன்கள் அழுதார்கள். நானும் அழுதேன். மைதானம் என்பது சாதி இல்லாத வெளி என்ற பழைய பொய்யை இந்தப் படங்கள் சொல்லவில்லை. அந்த வகையில் இவை நமக்கு நெருக்கமானவை. அதற்காகக் கேள்வி கேட்காமல் விட முடியாது.

என் கேள்வி இதுதான். இந்தக் கதைகளில் கடைசியில் ஜெயிப்பது ஆளா, அணியா?

‘லப்பர் பந்து’ அன்பு நல்ல ஆட்டக்காரன். அவனுக்கு ‘ஜாலி பிரண்ட்ஸ்’ அணியில் சாதியால் இடம் மறுக்கப்படுகிறது. அதனால் ஊர் ஊராகக் கெஸ்ட் பிளேயராகப் போகிறான். படம் முழுக்க நாம் ஏங்குவது அவனுக்கு அந்த அணியில் இடம் கிடைக்கவேண்டும் என்று. அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் அன்புவுக்குச் சொந்தமாக ஒரு தெரு இருக்குமே, அந்தத் தெருப் பையன்கள் எந்த டீமில் ஆடினார்கள் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. ‘பைசன்’ கிட்டான் ஓடுகிறான். ஓடி ஓடித்தான் தேசிய அணிக்குப் போய்ச் சேருகிறான். அந்த ஓட்டத்தில் இருக்கிற பயம் உண்மை, மூச்சிரைப்பு உண்மை. அவன் ஓடிப்போனதற்கு அப்புறம் ஊரில் மிச்சமிருக்கிற பையன்கள் யாரோடு ஆடினார்கள்? ‘ப்ளூ ஸ்டார்’தான் இதில் வேறு மாதிரி. அங்கே காலனிக்கு ஓர் அணி இருக்கிறது, அதற்குப் பேர் இருக்கிறது. எதிர் அணியான ‘ஆல்பா பாய்ஸ்’ உடன் கடைசியில் கைகோக்கும்போதும், வந்து சேருவது ஒரு தனி ஆள் இல்லை. ஓர் அணி இன்னோர் அணியோடு பேசிச் சேருகிறது. இந்த வித்தியாசம் சின்னது மாதிரித் தெரியும். நூறு வருஷத்து அரசியலே இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

3

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் சீசன். பேஸ்பால் பார்த்திராதவர்களுக்கு: ஒருவன் பந்து எறிவான், ஒருவன் கட்டையால் அடித்துவிட்டு மூன்று முனைகளைத் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே ஓடிவரவேண்டும். நம்ம கிட்டிப்புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுப் பெரிய லீக்குகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கறுப்பர்கள் கிடையாது. எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை. நம்ம ஊர் டீக்கடைத் தனிக் குவளைக்கு எந்தச் சட்டம் இருந்தது?

1947 ஏப்ரல் 15ஆம் தேதி, ஜார்ஜியாவில் குத்தகை விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் சட்டையோடு களத்தில் இறங்கினார். சொந்த அணியிலேயே சிலர் அவரோடு ஆடமாட்டோம் என்று மனு எழுதக் கிளம்பினார்கள். பிலடெல்பியா அணியின் மேனேஜர் பென் சாப்மன் ஆட்டம் முழுக்க வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்த ஊரில் அணிக்கு ஓட்டலில் அறை தரவில்லை. காலில் ஆணிச் செருப்பால் மிதித்தார்கள். திருப்பி அடிக்காமல் இருக்கவேண்டும் என்பது அவரை எடுத்த பிராஞ்ச் ரிக்கியின் நிபந்தனை. அந்த வருஷம் டாட்ஜர்ஸ் 94 ஆட்டங்களில் ஜெயித்து நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்தது. இறுதித் தொடரில் யாங்கீஸிடம் 4க்கு 3 என்று தோற்றது. உள்ளூர் மைதானத்துக்கு 18 லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். கறுப்பு ஜனங்களின் காசும் சேர்ந்து கல்லாவில் விழுந்தது. 2013இல் வந்த ‘42’ என்ற படம் இந்த ஒரு சீசனை எடுத்துக்கொண்டு, அந்த வெற்றியோடு முடிகிறது. ஜனங்கள் கைதட்டிக்கொண்டே வெளியே வரலாம்.

படம் விட்ட இடத்திலிருந்து பார்க்கவேண்டும். 1920இலிருந்து கறுப்பர்களுக்கு என்று சொந்த லீக்குகள் இருந்தன. சொந்த அணிகள், சொந்த முதலாளிகள், சொந்த ரசிகர்கள். ராபின்சனே 1945இல் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பு அணியில் ஆடியவர். அந்த அணிக்கு டாட்ஜர்ஸ் ஒரு காசு தரவில்லை. ஆளை எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அடுத்து ஒவ்வொருவராக நல்ல ஆட்கள் எல்லாம் போனார்கள். ரசிகர்களும் அவர்கள் பின்னால் போனார்கள். 1948க்குப் பிறகு கறுப்பு லீக்குகளின் இறுதித் தொடர் நடக்கவில்லை. அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. வெள்ளை லீக்கில் கடைசி அணி ஒரு கறுப்பரைச் சேர்த்துக்கொள்ள 1959 ஆனது. ஒரு கறுப்பர் மேனேஜராக 1975 ஆனது. ராபின்சன் அதைப் பார்க்கவில்லை. 1972 அக்டோபரில், சாவதற்கு 9 நாள் முன்பு, கௌரவிக்கக் கூப்பிட்ட மேடையிலேயே, கறுப்பர் ஒருவர் அணியை நடத்துவதைப் பார்க்க ஆசை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் வெளியான சுயசரிதையில், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாட என்னால் முடியாது என்று எழுதினார். 1947இல் முடித்துக்கொள்கிற கதைக்கும் 1972இல் அந்த மனிதர் சொன்னதற்கும் நடுவில் 25 வருஷம். சீசன் கதை சொல்கிறவர்கள் இந்த 25 வருஷத்தைத்தான் வெட்டி எறிகிறார்கள்.

4

நமக்கு இது அமெரிக்காவில் ஆரம்பிக்கவில்லை. ராபின்சனுக்கு முப்பத்தாறு வருஷம் முன்பே, 1911இல், பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய கிரிக்கெட் அணி ஒன்று இங்கிலாந்துக்குப் போனது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. அந்தத் தோல்விச் சீசனில் ஒரு சுழல் பந்துவீச்சாளர் மட்டும் 114 விக்கெட் எடுத்தார். பல்வங்கர் பாலூ. சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானத்தைப் பெருக்கி, வலையில் அவர்களுக்குப் பந்து வீசிக் கற்றுக்கொண்டவர். அவர் திறமையைப் பார்த்து அங்கிருந்த இந்து கிளப் சேர்த்துக்கொண்டது. ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தையே அவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, உடைத்து எறிகிற மண் குவளையில் டீ.

பம்பாயில் அப்போது மதவாரியாக அணிகள். ஐரோப்பியர், பார்சிகள், முஸ்லிம்கள், இந்துக்கள். அணியின் பேரே ‘இந்துக்கள்’. குவளைக்கு இந்து இல்லாதவன் விக்கெட்டுக்கு இந்து ஆனான். அந்த அணிக்கு அவர் எத்தனையோ ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். தலைமை மட்டும் கடைசிவரை தரவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல் தலைவரானார்.

நம் வரலாற்றில் பேசத் தயங்குகிற இடம் இதற்குப் பிறகு வருகிறது. வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் கேட்ட தனி வாக்காளர் தொகுதி என்பது என்ன? எங்கள் ஆளை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதானே. விளையாட்டுப் பேச்சில் சொன்னால், எங்களுக்கு எங்கள் அணி வேண்டும் என்பது. 1932இல் பாலூ அந்தப் பக்கம் நிற்கவில்லை. எம்.சி.ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதிப் பக்கம் நின்றார். காந்தி உண்ணாவிரதம் இருந்து முடித்த பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய ஆள் பாலூ. தோற்றார். இளைஞராக இருந்தபோது பாலூவைப் பெருமையாகப் பார்த்தவர் அம்பேத்கர் என்பதையும் மறக்கக்கூடாது.

பாலூவைத் துரோகி என்று எழுதுவது சுலபம். நான் எழுதமாட்டேன். இருபது வருஷம் அடுத்தவன் அணிக்கு விக்கெட் எடுத்துக் கொடுத்தவனுக்கு, ஒருநாள் அவர்கள் நம்மை முழுசாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அது மனித சுபாவம். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் பலனை எங்கள் டெல்டாவில் இன்றைக்கும் பார்க்கிறோம். நாகப்பட்டினம் தனித்தொகுதி, திருத்துறைப்பூண்டி தனித்தொகுதி, கீழ்வேளூர் தனித்தொகுதி. பேர்தான் தனி. நிற்கிறவன் நம்ம ஆள், நிறுத்துகிறவன் வேறு ஆள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி 44 பேர் எரிந்துபோனது இந்த மண்ணில்தான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக மட்டுமா எரித்தார்கள்? சேர்ந்து கேட்டதற்காகவும்தான். தனித்தனியாகப் போய்க் கை கட்டிக் கேட்டிருந்தால் ஆண்டை ஒருவேளை ஒரு படி அள்ளிப் போட்டிருப்பார். சங்கமாக, கொடியோடு, அணியாகக் கேட்டது பொறுக்கவில்லை.

5

இனி எங்கள் டீம் கதை.

சடுகுடு ஏழு பேர் ஆட்டம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ரைட் கார்னர் நிற்பான். எதிராளி பாடிக்கொண்டு ஏறி வந்து காலை நீட்டினால் கணுக்காலில் கை விழும். விழுந்தால் விடாது. நாற்று முடி பிடித்துப் பிடித்து இறுகின கை. நோட்டில் அவன் பேருக்கு நேரே கோடு போட இடம் பத்தாமல் பக்கத்து வரியில் போடுவேன்.

ஒரு பங்குனியில் ஊர்த் தெரு ஆட்கள் வந்தார்கள். தெருவுக்குள் வரவில்லை, மதகுக்கட்டையில் நின்று கூப்பிட்டார்கள். பக்கத்து ஊரில் பெரிய போட்டி, சுழற்கோப்பை, எங்களுக்கு கார்னர் இல்லை, அவனை அனுப்புங்க. பெரியப்பா பண்ணையில் வேலை பார்ப்பவர். அனுப்பாமல் என்ன செய்வார்? அண்ணன் போனான். கெஸ்ட் பிளேயர். கெஸ்ட் என்றால் விருந்தாளி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். விருந்தாளிக்கு ஊர்க் கோயில் மண்டபத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் இலை போட்டார்கள்.

அவர்கள் ஜெயித்தார்கள். கோப்பை கோயில் மண்டபத்தில் இருந்தது. அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்தது களத்தில் கொடுத்த அன்றைக்கு மட்டும்தான். மைக்கில் ஆறு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன், ஏழாவதாக “நம்ம பண்ணை ஆளு” என்றான். அதே ஞாயிற்றுக்கிழமை எங்கள் டீம் வேறோர் ஊரில் ஆடி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. ஏழுக்கு ஆள் இல்லாமல், கணக்கு எழுதுகிற என்னையே இறக்கிவிட்டார்கள். நான் பிடித்த ஒரே கால் கையை உதறிவிட்டுப் போய்விட்டது. அடுத்த வருஷம் மூன்று பேரைக் கேட்டார்கள். அதற்கடுத்த வருஷம் எங்களுக்கு டீமே இல்லை. அம்பேத்கர் பேர் போட்ட பனியன்கள் வயல் வேலைக்கு ஆயின.

நான் அண்ணனிடம் சண்டை போட்டேன். அவன் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதவேண்டும். “ஏண்டா, அங்க பஸ் சார்ஜ் தர்றான், டீ பன்னு தர்றான். ஒன் டீமு எனக்கு என்னாடா தந்துது? முட்டி பேந்தா எண்ணெய்க்குக் காசு இருக்கா ஒன்கிட்ட?” கொஞ்ச நேரம் கழித்து, சிரித்துக்கொண்டு சொன்னான்: “அதுவுமில்லாம, எவன் வயல்ல நின்னு எங்கப்பன் குனியிறாரோ அவன் மவனை பிராக்டீஸ்ல தெனம் காலைப் புடிச்சு மண்ணுல இழுத்துப் போடுறேன். ஒன் டீமுல இருந்தா அவன் எங்கூட ஆடுவானா?”

இதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. தொட்டால் அவுட் ஆகிற ஆட்டம் இது. தீண்டாமையை வைத்துக்கொண்டு இதை ஆடவே முடியாது. அந்தத் தொடுதலில் அண்ணனுக்குக் கிடைத்த சந்தோஷத்தை எந்தத் தத்துவத்தாலும் நான் பறிக்கமாட்டேன். ராபின்சன் ஒவ்வொரு முனையாகத் திருடி ஓடும்போது கறுப்பு ஜனங்கள் அடைந்த சந்தோஷமும் இதுதான். அன்பு அடிக்கிற சிக்ஸருக்கு நம் பையன்கள் விசிலடிப்பதும் இதற்குத்தான். அந்தச் சந்தோஷம் வேண்டும். அதை அடைய நம் ஏழு பேரைக் கலைத்தே ஆகவேண்டுமா என்பதுதான் என் வழக்கு. அண்ணனுக்கு டீயும் பன்னும் தர நம் தெருவுக்கு வக்கில்லாமல் போனதை ‘அவன் போய்விட்டான்’ என்று எழுதி முடிப்பது விமர்சனம் ஆகாது.

6

இப்போது கபடி பணக்கார ஆட்டம். 2014இலிருந்து புரோ கபடி லீக், ஏலம், டி.வி. மண் போய் ரப்பர் விரிப்பு வந்துவிட்டது. 2016 ஜூலை 31ஆம் தேதி ஐதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாட்னா பைரேட்ஸ் 37க்கு 29 என்று ஜெய்ப்பூரை வென்றபோது கோப்பையைத் தூக்கிய கேப்டன் தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைத் தாண்டிய தஞ்சாவூர் மாவட்டத்து ஆள். அவரும் கார்னர்தான். தமிழ்நாட்டுக்கு என்று அந்த லீக்கில் ஓர் அணி வந்ததே அடுத்த வருஷம். டெல்டாக்காரர் ஒருவர் பாட்னாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததில் எனக்குப் பெருமைதான். டி.வி.யில் ‘மண்ணின் விளையாட்டு’ என்று ஓயாமல் சொல்கிறார்கள். எந்த மண், அதில் யார் நின்றார்கள், அந்த மண்ணில் அறுவடை மெஷின் இறங்கிய பிறகு ஆடிய பையன்கள் திருப்பூருக்கு எப்போது பஸ் ஏறினார்கள் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

நான் அமெரிக்கக் கதையின் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2020இல் அங்கே பெரிய லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பு லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று ஒத்துக்கொண்டது. 2024 மே மாதம் அந்தக் கணக்குகளைத் தன் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்த்தது. சேர்த்தவுடன் என்ன ஆயிற்று தெரியுமா? நூறு வருஷமாக ஆட்ட வாழ்க்கை முழுவதற்குமான மட்டை சராசரியில் முதலிடம் என்று பாடம் சொல்லப்பட்ட டை காப் என்ற வெள்ளைக்காரர் .367இல் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். .372 எடுத்த ஜோஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். பெரிய லீக்கில் ஒருநாள்கூட ஆட விடப்படாமல், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு செத்துப்போனவர் அவர்.

இது யார் தயவிலும் நடக்கவில்லை. ‘பிட்ஸ்பர்க் கூரியர்’, ‘சிகாகோ டிஃபெண்டர்’ மாதிரியான கறுப்பர்களின் பத்திரிகைகள் வாரா வாரம் தங்கள் அணிகளின் கணக்கை அச்சில் போட்டு வைத்திருந்தன. பின்னால் வந்தவர்கள் அந்தப் பழைய தாள்களைப் புரட்டிக் கூட்டிச் சேர்த்தார்கள். எழுதி வைத்தவன் இருந்ததால் செத்தவன் முதலிடத்துக்கு வந்தான்.

நமக்கும் பத்திரிகைகள் இருந்தன. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். இந்தப் பக்கங்களும் அந்த வழியில் வந்தவைதான். இவற்றில் நாம் வன்கொடுமைக் கணக்கு எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் நாம் ஜெயித்த கணக்கை யார் எழுதுவது? எந்தச் சேரியில் எந்தப் பேரில் டீம் இருந்தது, யார் கார்னர், எந்த வருஷம் கலைந்தது, ஏன் கலைந்தது? பறை, தப்பாட்டம் பற்றி எத்தனையோ ஆய்வேடுகள் வந்துவிட்டன. சேரியின் விளையாட்டு அணிகளைப் பற்றி மாணவத் தோழர்கள் யாராவது ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். கிழவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

அண்ணன் இன்றைக்கும் இருக்கிறான். முட்டி மடங்காது, தரையில் உட்கார முடியாது, திண்ணையில்தான் உட்காருவான். போன பொங்கலுக்குப் போனபோது ஒரு புது நோட்டு வாங்கிக்கொண்டு போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன். “என்னாடா, மறுபடியும் கணக்கா?” என்றான். ஆமாம் என்றேன். அந்தக் காலத்து ஏழு பேரையும் வரிசையாகச் சொன்னான். ஏழாவது பேர் வந்தபோது கொஞ்சம் நிறுத்தி, “அன்னைக்கி நான் இல்லாதப்ப நீதானடா எறங்குன, ஒன் பேரையும் எழுதிக்க” என்றான்.

எழுதிக்கொண்டேன்.